வகிடெடுத்துச் சீவ வேண்டிய நாய்

கள்ளக்குறிச்சித் தெருக்களில் இப்போது எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது, பொமரேனியன் என்றே நாம் அழைத்துப் பழகிய இந்தியன் ஸ்பிட்ஸ். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் வரும் நாய் டஃபி இந்த இனம்தான். நரிமுகம், விறைத்த சின்னக் காதுகள், முதுகின் மேல் சுருண்டு விழும் வால். எனக்குப் பிடித்தது அந்த ரோமம். மேலே நீண்டு நிற்கும் முடி சற்றே முரடு. விரலை உள்ளே விட்டால் இலவம்பஞ்சாக இன்னோர் அடுக்கு, உடம்புச் சூட்டோடு.

அதைச் சீவுவதைப் பார்க்க வேண்டும். மேலோட்டமாக இழுத்தால் மேல்முடி பளபளக்கும், அடிமுடி உள்ளே சிக்குப் போட்டுக்கொள்ளும். கை பழகியவர்கள் இடது கையால் முடியை ஒதுக்கி, தோல் தெரிய வகிடெடுத்து, வரிவரியாகக் கம்பிச் சீப்பால் இறங்குவார்கள். சர்ர், சர்ர் என்ற சத்தத்தில் நாய்க்குக் கண் சொக்கும். காதுக்குப் பின்னால் மட்டும் சீப்பு நின்று, விரல்கள் முடிச்சைப் பிரிக்கும். அப்படியே உண்ணியும் தேடும். கல்வராயன் மலையடிவாரத்துச் சித்திரை வெயிலில் மொட்டையடித்துவிடத் தோன்றும். கூடாது, தோலுக்கு அந்த முடிதான் நிழல். விடியற்காலை நடை, பகலில் குளிர்ந்த சிமெண்டுத் தரை, எட்டும் இடத்தில் தண்ணீர் போதும். குரைப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தபால்காரருக்கு ஒரு குரல், வீட்டு ஸ்கூட்டருக்கு வேறு குரல். அடுப்படியில் இருந்தபடியே வந்தது யாரென்று சொல்லிவிடலாம்.