ஷ்யாம் பெனகலும் தெலங்கானா மண்ணும்

1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா மதராஸுக்கும் வந்தது. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை இந்தியர்கள் பலர் பார்த்தது அப்போதுதான். அடுத்த ஆண்டே பிமல் ராய் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். அதே இத்தாலியப் படத்தை 1950இலேயே லண்டனில் பார்த்துவிட்டுத் திரும்பிய சத்யஜித் ராய், 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யை முடித்தார். நவயதார்த்தவாதம் இந்தியாவுக்கு வந்த கதையை நாம் வழக்கமாகக் கல்கத்தாவோடும் பம்பாயோடும் நிறுத்திக்கொள்கிறோம். அது தெலங்கானாவுக்குள் நுழைந்தது இருபது ஆண்டுகள் கழித்து. சுற்றுவழியில் வந்ததாலோ என்னவோ, அங்கே அதன் குணமும் மாறிவிட்டது.

ஷ்யாம் பெனகல் 1934 டிசம்பர் 14 அன்று செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய திருமலகிரியில் பிறந்தார். வீட்டில் கொங்கணி, வெளியே உருதுவும் தெலுங்கும். அப்பா புகைப்படக் கலைஞர். பன்னிரண்டு வயதில் அப்பாவின் கேமராவைக் கொண்டு பையன் ஒரு சிறு படம் எடுத்தான். குரு தத் உறவுக்காரர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு பம்பாய் ஸ்டுடியோவுக்குள் நுழைந்திருக்கலாம். பெனகலோ உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார், ஹைதராபாத் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார், பிறகு பம்பாய் போய் 1959இல் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்தார். சோப்புக்கும் பற்பசைக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். கல்லூரிக் காலத்தில் எழுதிவைத்த ஒரு கதை மட்டும் தயாரிப்பாளர் கிடைக்காமல் பெட்டியிலேயே கிடந்தது. கடைசியில் பணம் போட்டதும் விளம்பர உலகத்தைச் சேர்ந்த பிளேஸ் நிறுவனம்தான். நாடெங்கும் தியேட்டர்களுக்கு விளம்பரப் படம் அனுப்பி வந்தவர்கள் அவர்கள். 1974இல் அந்தக் கதை ‘அங்குர்’ என்று படமாகி வெளியானபோது இயக்குநருக்கு வயது முப்பத்தொன்பது.

‘அங்குர்’ பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜமீன் வீட்டு ஜன்னலில் ஒரு சிறுவன் எறியும் கல்லில் போய் முடிக்கிறார்கள். எனக்கு அதைவிட அதற்குச் சற்று முந்திய காட்சிதான் முக்கியம். நிலக்கிழாரின் மகன் சூர்யாவின் வீட்டில் வேலை செய்கிறாள் லட்சுமி. அவள் வயிற்றில் அவன் குழந்தை. கள் திருடி அகப்பட்டு, மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றப்பட்டு ஊரைவிட்டு ஓடிய அவள் கணவன் கிஷ்டய்யா, காது கேளாத, வாய் பேசாத மனிதன், திரும்பி வருகிறான். கையில் கம்போடு அவன் வருவதைப் பார்த்ததும் பழிதீர்க்க வருகிறான் என்று சூர்யா நடுங்குகிறான். முந்திக்கொண்டு சாட்டையால் விளாசுகிறான். கிஷ்டய்யா வந்தது வேலை கேட்க. கொடுமைக்காரன் என்று ஒருவனைக் காட்டுவது சுலபம். அவன் கொடுமை பயத்திலிருந்து கிளம்புவதைக் காட்டுவதற்கு நிலவுடைமையின் உளவியல் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று பேச்சு. ‘அங்குர்’ பாத்திரங்கள் ஹைதராபாத் உருதுவான தக்கனி பேசுகிறார்கள். அதுவரை இந்தி சினிமாவில் ஹைதராபாத் பேச்சு என்றால் சிரிப்புக்குத்தான். ‘கும்நாம்’ படத்தில் மெஹ்மூத் அந்தப் பேச்சில் அடித்த லூட்டி வட இந்தியா முழுக்கப் பிரபலம். அதே பேச்சில் லட்சுமியாக நடித்த ஷபானா ஆஸ்மி சாபமிட்டபோது தியேட்டரில் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

இந்த இடத்தில்தான், பெனகலை டி சிகாவின் வாரிசாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இடிக்கிறது. டி சிகா கண்ணீர் வழியே வருகிறவர். பெனகலின் உறவு இன்னொரு இத்தாலிய இயக்குநரான விஸ்கோந்தியோடு. 1948இல் விஸ்கோந்தி எடுத்த ‘லா தெர்ரா த்ரேமா’வில் சிசிலி மீனவர்கள் தங்கள் வட்டாரப் பேச்சிலேயே பேசினார்கள்; மற்ற இத்தாலியர்களுக்கே அது புரியவில்லை. மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படத்தின் கரு. மீனவர், சுரங்கத் தொழிலாளர், விவசாயி என்று மூன்று படங்கள் எடுக்கத் திட்டமிட்டு, ஒன்றோடு நின்றுபோனார் விஸ்கோந்தி. பெனகலோ தன் மூன்று கிராமப் படங்களையும் எடுத்து முடித்தார்: ‘அங்குர்’, 1945ஆம் ஆண்டுத் தெலங்கானாவில் நடக்கும் ‘நிஷாந்த்’ (1975), குஜராத்துப் பால் கூட்டுறவைப் பேசும் ‘மந்தன்’ (1976). ‘நிஷாந்த்’தின் முடிவில் எழும் கூட்டம் குற்றவாளியையும் அப்பாவியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. புரட்சியைக் கொண்டாட வந்தவர்களுக்கு அது உறுத்தியிருக்கும். ‘மந்தன்’ படத்துக்கு ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். போச்சம்பள்ளி நெசவாளர்களைப் பற்றிய ‘சுஸ்மன்’ (1987) படத்துக்குக் கைத்தறிக் கூட்டுறவுகள் கைகொடுத்தன. சினிமாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு விதமாய் விடை கண்ட இந்திய இயக்குநர் வேறு யார்?

ஒரு வித்தியாசமும் உண்டு. விஸ்கோந்தியின் மீனவர்கள் நிஜ மீனவர்கள். பெனகலின் குடியானவர்கள் பலரும் பூனா திரைப்படக் கல்லூரியிலும் டெல்லி நாடகப் பள்ளியிலும் தேறியவர்கள். கோவிந்த் நிஹலானியின் ஒளிப்பதிவில் வயலின் வறுமைகூடக் கொஞ்சம் மெருகோடு இருக்கும். விளம்பரப் படக் கை சட்டென்று மறந்துவிடுமா? கண்டோன்மென்ட்டிலிருந்து கிராமத்தைப் பார்த்தவரின் தூரம் அந்தப் படங்களில் கடைசிவரை மறையவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தூரத்தால்தான் அவருக்குச் சூர்யாவின் பயம் தெரிந்தது.

உள்ளிருந்து பார்த்தவர் பி. நரசிங் ராவ். கௌதம் கோஷ் இயக்கி 1980இல் வெளியான ‘மா பூமி’யின் தயாரிப்பாளர்களில் ஒருவர். கிஷன் சந்தரின் நாவலை ஒட்டிய அந்தப் படம், ‘நிஷாந்த்’ தொடாமல் விட்ட தெலங்கானா ஆயுதப் போராட்டத்தை நேராகச் சொன்னது. கத்தர் திரையில் தோன்றிப் பாடினார். பிறகு நரசிங் ராவே இயக்கிய ‘தாசி’ (1988), நிலக்கிழாரான தொரையின் கோட்டைவீட்டுக்குள் அடிமையாய்க் கிடக்கும் ஒரு பெண்ணின் கதை. பேச்சு மிகக் குறைவு. கலை இயக்கம் ஓவியர் வைகுண்டம். அர்ச்சனாவுக்கு அதில் தேசிய விருது கிடைத்தது. முந்தைய ஆண்டு பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்காகவும் அவரே அதை வாங்கியிருந்தார். சென்னையில் ஒரு வீடு கட்ட முடியாமல் அல்லாடும் நடுத்தரவர்க்கப் பெண், தெலங்கானாவில் வீடே சிறையான பெண். தென்னிந்திய யதார்த்த சினிமா தன் உச்சத்தில் இருந்த ஓராண்டு இடைவெளியில் இரண்டுக்கும் ஒரே முகம். தமிழ் விமர்சகர்கள் இவ்விரு படங்களையும் சேர்த்து வைத்துப் பேசாதது எனக்கு ஆச்சரியம்தான்.

பெனகல் இதற்குள் தொலைக்காட்சிக்கும் வரலாற்றுக்கும் போய்விட்டார். 53 பகுதிகள் கொண்ட ‘பாரத் ஏக் கோஜ்’, பிறகு தலைவர்களின் வாழ்க்கைப் படங்கள். உழைப்பு தெரியும் படங்கள். ஆனால் தக்கனியின் சூடு அவற்றில் இல்லை. அந்தச் சூடு அதற்கு முன்பே, குலாம் அப்பாஸ் கதையிலிருந்து எடுத்த ‘மண்டி’யில் (1983) கொப்பளித்தது. ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட தாசி வீட்டைச் சுற்றி ஊரே மறுபடி முளைக்கும் அந்தக் கூத்துதான் அவர் படங்களில் மிகச் சிறந்தது என்பேன். 2010இல் ‘வெல் டன் அப்பா’வுக்காக ஹைதராபாத் எழுத்தாளர் ஜீலானி பானோவின் கதையை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மண்ணுக்கே வந்தார். லஞ்சம் வாங்கியவர்கள் காகிதத்தில் மட்டும் தோண்டிய கிணறு காணாமல் போய்விட்டது என்று ஏமாந்தவர்கள் போலீஸில் புகார் கொடுக்கிறார்கள். 1974இல் சாட்டையோடு நின்ற அதிகாரம் இப்போது ரசீதோடு நிற்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று பெனகல் காலமானபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் ‘அங்குர்’, ‘மந்தன்’ என்றே பேசின. இந்தக் கிணற்றுப் படத்தை நினைவுகூர்ந்தவர்கள் குறைவு.