வலி தீர்க்கும் மார்ஃபின்: குழாயா, மாத்திரையா?

புற்றுநோயின் கடும் வலியை, முதுகுத்தண்டினுள் மருந்து செலுத்தித் தணிக்கும் முறையை அதிசயம் எனப் புகழ்வோர் உண்டு. இப்புகழ்ச்சி எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

கழுத்துக்குக் கீழே எங்கு வலித்தாலும் அச்செய்தி தண்டுவடத்தின் வழியாகவே மூளைக்குச் செல்கிறது. மார்ஃபின் தண்டுவடத்திலேயே அதைத் தடுக்கும் என்பதை 1976-இல் யாக்ஷ், ரூடி ஆகியோர் எலிகளில் காட்டினர். 1979-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், புற்றுநோயாளர் எண்மருக்குத் தண்டுவடத் திரவத்தில் சிறிதளவு மார்ஃபின் செலுத்தினர். பெரும்பாலோர் பல மணி நேரம் வலியின்றி இருந்தனர். வாய்வழியே 300 மில்லிகிராம் செய்யும் வேலையை இங்கே 1 மில்லிகிராம் செய்யும் என்பது தோராயக் கணக்கு. மருந்து குறைவதால் மயக்கமும் மலச்சிக்கலும் குறையும். ஆகவே சாதனை உண்மையானதே.

ஆனால் இது யாருக்குத் தேவை? மாத்திரையால் வலி அடங்காதவர்களுக்கும், அதன் பக்க விளைவுகளைத் தாங்க இயலாதவர்களுக்குமே. மற்றப் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிமுறையும் வாய்வழி மருந்துக்கே முதலிடம் தந்தது. தோலுக்கடியில் பொருத்தும் பம்பின் விலையோ பல லட்சம் ரூபாய். அதில் அவ்வப்போது ஊசியால் மருந்து நிரப்ப வேண்டும். கிருமி புகுந்தால் மூளை உறைக் காய்ச்சல் வரலாம். அளவு மிகுந்தால் மூச்சு தடைப்படலாம். எண்ணூர் மீனவரும் திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும் இச்செலவுக்கு எங்கே போவார்கள்?

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கவே தயங்கின. 1997-இல் நாடு முழுவதற்கும் பயன்பட்டது சுமார் 18 கிலோதான்! 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு அனுமதி முறை எளிதாயிற்று. ஆனால் 'நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவார்' என்ற அச்சம் இன்னும் தீரவில்லை. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காகக் கொடுக்கும்போது அவ்வாறு நேர்வது அரிது.

மணலியை அடுத்த மாத்தூரில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளரைக் கட்டணமின்றிப் பேணும் ஜீவோதயா இல்லம் இருக்கிறது. இத்தகைய இல்லங்கள் பெருக வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரையும், அதைக் கொடுக்கப் பயின்ற மருத்துவரும் இருக்க வேண்டும். அதற்கும் அடங்காத வலிக்கு முதுகுத்தண்டுக் குழாய் துணை வரட்டும். இந்த வரிசையை மாற்றிப் புகழ்வது, வலியில் துடிப்பவருக்கு உதவாது.