உறக்கத்தில்தான் ஆட்டம்

விவால்டியின் குழல் கான்சர்ட்டோ ‘லா நொட்டே’, அதாவது ‘இரவு’, முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் பேசுவது இரண்டாம் பகுதியைப் பற்றித்தான். ‘பூதங்கள்’ என்று அதற்குப் பெயர். குழல் பாய்ச்சலாக ஓடும். கேட்பவருக்குக் கை தானாகத் தட்டும். என் மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் குறைவு. அந்த வேகம் இன்றைக்கு இசைக் கல்லூரி மாணவர்களிடமே இருக்கிறது.

1729 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஓபஸ் 10 தொகுப்பில், ஆறு குழல் கான்சர்ட்டோக்களில் ‘லா நொட்டே’ இரண்டாவது. வழக்கமான மூன்று பகுதிக் கட்டு இதில் இல்லை. சுமார் பத்து நிமிடத்துக்குள் ஆறு துண்டுகள். சுருதி ஜி மைனர். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. அக்கால மரக்குழலுக்கு ஆறு துளை, ஒரே ஒரு சாவி. டி மேஜர் அதில் தானாக வரும். ஜி மைனருக்குத் தேவையான பி ஃபிளாட் வேண்டுமென்றால் துளைகளை இடைவிட்டு மூடவேண்டும். ஸ்வரம் மங்கலாகத்தான் பிறக்கும். இரவுக்கு அந்த மங்கல் பொருந்துகிறது. இன்றைய உலோகக் குழலில் எல்லா ஸ்வரமும் ஒரே பளபளப்பு. வசதிதான், ஆனால் ஊரெல்லாம் டியூப்லைட் போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

ஆட்டத்தின் முடிவு தெரிவது ஐந்தாவது பகுதியில். பெயர் ‘உறக்கம்’. வயலின்களுக்கு மியூட் மாட்டியாயிற்று. நீண்ட ஸ்வரங்கள் மெல்ல நகர்கின்றன. ‘நான்கு பருவங்க’ளின் இலையுதிர் காலத்தில் குடித்துவிட்டு உறங்குகிறவர்களைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும், விவால்டியின் அதே கையிருப்பு. தனிவாத்தியக்காரருக்கு இங்கே பெருமை காட்ட எதுவுமில்லை. ஆனால் குழலில் காற்றைக் குறைத்தால் சுருதி இறங்கும். மியூட் போட்ட தந்திகளுக்கு மேலே எழும்பாமல் ஊத வேண்டும், இறங்கவும் கூடாது. ஊதுதுளையை உதட்டிலிருந்து இம்மியளவு வெளிப்பக்கம் உருட்டி ஈடுகட்டுவார்கள். மூச்சு எடுக்கும் இடமும் முக்கியம்: வயலின்கள் வில்லைத் திருப்பும் அதே கணத்தில் எடுத்தால் ஒலி மொத்தமாக அறுந்து விழும். இந்த வெறுமையைத் தாங்காமல் பலர் அலங்காரங்களை அள்ளித் தெளிக்கிறார்கள். தூங்குகிறவனை ஏன் எழுப்ப வேண்டும்?

ஜோவான்னி அந்தோனினி இந்தக் கான்சர்ட்டோவை ரெக்கார்டர் என்ற நேர்க்குழலில் வாசிக்கிறார். அதில் உதட்டால் சுருதியைச் சரிக்கட்ட வழியே இல்லை. மூச்சும் விரலும்தான் கணக்கு. சவால் கூடுதல். அவருடைய இல் ஜார்தீனோ ஆர்மோனிகோ குழுவும் பூதங்களைச் செல்லப்பிராணிகளாக்காமல் கடிக்க விடுகிறது.

கடைசி அலெக்ரோவை விடியலாக்கி வாசிக்கும் பழக்கம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அதுவும் ஜி மைனர்தான். சிரித்த முகமாக வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதே தொகுப்பில் அடுத்த எண்ணிலேயே, டி மேஜரில், குருவியின் பெயர் கொண்ட ஒரு கான்சர்ட்டோ காத்திருக்கிறது.