தேயிலைப் பெட்டியும் தோழமையும்: 'குவாரிமென்' இசைக்குழு பற்றிய ஒரு திறனாய்வு

கலைஞர் ஒருவர் பெரும்புகழ் எய்திய பின்னர் அவருடைய இளமைக் காலத்தைப் பின்னோக்கிப் படிப்பது உலக வழக்கு. அவ்வாறு படிப்போர், மரத்தைக் கண்ட கண்ணோடு விதையைப் பார்க்கின்றனர். விதையில் இல்லாத கிளைகளையும் அதிலே கண்டுவிடுகின்றனர். 'பீட்டில்ஸ்' என்னும் ஆங்கில இசைக்குழுவிற்கு முன்னோடியான 'குவாரிமென்' குழுவிற்கு நேர்ந்திருப்பதும் இதுவே. 1956ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரப் பள்ளி மாணவர் சிலர் கூடித் தொடங்கிய அக்குழுவை, பின்னர் வந்த பெருமையின் வாயிற்படி என்ற அளவிலேயே பலரும் எழுதிச் செல்வர். அக்குழுவின் கலை எங்கிருந்து பிறந்தது, அக்கலை வளர யார் என்ன விலை கொடுத்தனர் என்னும் வினாக்களுக்கு அவர்தம் நூல்களில் சில வரிகளே கிடைக்கின்றன.

அக்காலப் பிரிட்டனில் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு இசைக்குழு அமைத்ததற்குக் காரணம் 'ஸ்கிப்பிள்' என்னும் இசைமுறை. அதன் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் உள்ளது. லோனி டோனகன் என்பார் 1954இல் பாடிப் பதிவு செய்த 'ராக் ஐலண்ட் லைன்' என்னும் பாடல், 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் எங்கும் ஒலித்தது. அப்பாடலோ, 1934இல் அமெரிக்கச் சிறையொன்றில் கறுப்பினக் கைதிகள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்யப்பெற்றது. சிறைக்குள் பிறந்த பாடலை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலப் பள்ளிச் சிறுவர்கள் தம் பாடலாக்கிக் கொண்டனர். 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டு மூன்று தெரிந்தால் பாடிவிடலாம் என்னும் எளிமையே அதற்கு வழி செய்தது.

கித்தாரும் பாஞ்சோவும் பறையும் விலைக்கு வாங்கப்பெற்றன. ஏனைய கருவிகள் வீட்டிலிருந்தே வந்தன. துணி துவைக்கும் நெளிப்பலகையைத் தையற்காரர் விரலில் மாட்டும் உலோக உறைகொண்டு உரசினால் தாளம் பிறக்கும். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் துடைப்பக் கம்பு ஒன்றை நிறுத்தி, கம்பின் நுனிக்கும் பெட்டிக்கும் இடையே கயிறு கட்டிச் சுண்டினால் தாழ்ந்த சுருதி பிறக்கும். கம்பைச் சாய்க்கக் கயிறு தளர்ந்து ஒலி தாழும், நிமிர்த்த உயரும். அந்நாளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை இத்தகைய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டே இங்கிலாந்து சென்றது. தோட்டத்துத் தமிழர் பறித்த கொழுந்தைச் சுமந்து சென்ற பெட்டிகளுள் ஒன்றும் அங்கே இசைக்கருவியாகி இருக்கலாம் என எண்ணுவார்க்குத் தடையில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன், தீக்கடைகோலால் துளையிட்டுத் தானே குழல் செய்து ஊதுகிறான். அது சலித்தபின், குமிழங்கொம்பில் மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து மீட்டுகிறான். அவன் எவரிடமும் இசை பயின்றதாகப் புலவர் கூறவில்லை. கைக்கு அகப்பட்டதைக் கருவியாக்கும் வேட்கை காலமும் நாடும் கடந்தது போலும். ஆனால் ஆயன் தனித்திருந்து இசைக்கிறான். லிவர்ப்பூல் சிறுவர்களோ கூடி இசைத்தனர். அவர்களுடைய இசைக்குத் தோழமையே முதற் கருவியாக இருந்தது.

ஜான் லென்னனும் பீட் ஷாட்டனும் ஊல்ட்டன் என்னும் பகுதியில் சிறுவயது முதல் இணைபிரியாது வளர்ந்தவர்கள். இருவரும் குவாரி பேங்க் பள்ளியில் படித்தனர். குழுவின் பெயரும் அப்பள்ளியின் பெயரிலிருந்தே வந்தது. தமக்கு இசைத்திறன் இல்லை என்பதை ஷாட்டன் நன்கு அறிந்திருந்தார். ஆயினும் லென்னன் ஒன்றைத் தொடங்கினால் ஷாட்டன் உடனிருக்க வேண்டும் என்பது அவர்களிடையே எழுதா விதி. ஆகவே நெளிப்பலகை அவர் கைக்கு வந்தது. எரிக் கிரிபித்ஸ் கித்தாரும், ராட் டேவிஸ் பாஞ்சோவும், காலின் ஹாண்டன் பறையும் வாசித்தனர். தேயிலைப் பெட்டி சிலரிடம் கைமாறி லென் காரியிடம் வந்து நின்றது. லென்னனுக்கு முதலில் இசை கற்பித்தவர் அவருடைய அன்னை ஜூலியா. அவர் அறிந்தது பாஞ்சோ. ஆதலின் மகனும் கித்தாரில் பாஞ்சோவின் கார்டுகளையே பிடித்தார்.

1957 ஜூலை 6ஆம் நாள் ஊல்ட்டன் புனித பீட்டர் தேவாலயத் திருவிழாவில் இக்குழு பாடியது. பிறர் பாடிப் புகழ் பெற்ற 'கம் கோ வித் மீ' என்னும் பாடலை லென்னன் பாடினார். பாட்டின் சொற்கள் அவருக்கு முழுமையாகத் தெரியா. தெரியாத இடங்களில் ஸ்கிப்பிள் பாடல்களில் வரும் சிறைச்சாலைச் சொற்களைப் புகுத்திப் பாடினார் என்பது அன்று கேட்டு நின்ற பால் மெக்கார்ட்னியின் நினைவு. காதற் பாட்டில் சிறைச்சாலை புகுந்தது கேட்போர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். எனினும் திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. சொல்லை மறந்த பாடகன் அங்கேயே சொல் இட்டு நிரப்புவதால்தான் நாட்டுப்பாடல் ஊர்தோறும் வேறுபடுகிறது. பதினாறு வயது லென்னன் அறியாமையால் செய்ததும் அதுவே. பாடுவோன் பாட்டியற்றுவோனாக மாறும் முதல் அடி அங்கே வைக்கப்பட்டது.

அன்று மாலையே, பதினைந்து வயது மெக்கார்ட்னி கித்தாரை வாங்கி 'டுவென்டி பிளைட் ராக்' என்னும் பாடலை ஒரு சொல்லும் பிசகாமல் பாடிக் காட்டினார். ஒருவர் சொல்லைப் புனைந்தார். மற்றவர் சொல்லை நினைவில் தேக்கி வைத்திருந்தார். பின்னர் இருவரும் சேர்ந்து இயற்றிய பாடல்களில் இவ்விரு பண்பும் கலந்திருப்பதைக் காணலாம்.

தம்மினும் திறமையுடைய ஒருவரைக் குழுவில் சேர்ப்பதா, தம் தலைமையைக் காத்துக்கொள்வதா என்று அன்று தயங்கியதை லென்னனே பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். குழுவின் வலிமையே அவருக்குப் பெரிதாகப்பட்டது. மெக்கார்ட்னியிடம் அழைப்பைக் கொண்டு சென்றவர் ஷாட்டன். தம் இடத்தை இல்லாமற் செய்யப்போகும் மாற்றத்திற்கு அவரே தூதரானார். நெடுநாள் செல்லவில்லை, ஒரு விருந்தில் லென்னன் நெளிப்பலகையை ஷாட்டன் தலைமேல் விளையாட்டாக உடைத்தார், அத்துடன் ஷாட்டனின் இசைப்பணி முடிந்தது. விலக வழி பார்த்திருந்த அவருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. நட்போ முறியவில்லை. 1960களில் ஷாட்டன் கடை வாங்க லென்னன் பணம் கொடுத்து உதவினார்.

கிரிபித்ஸ் கதை வேறு. 1958இல் ஜார்ஜ் ஹாரிசன் வந்தபின் குழுவில் கித்தார்கள் மிகுந்தன. மின்கருவி வாங்கித் தாழ்சுருதி வாசிக்குமாறு கிரிபித்சிடம் கூறினர். அதற்கு அவரிடம் பணமில்லை. பின்னர் ஓர் ஒத்திகைக்கு அவர் அழைக்கப்படவே இல்லை. அவ்வளவில் அவர் விலக்கப்பட்டார். கலை வளர வேண்டுமாயின் திறன் குறைந்தோர் விலகத்தான் வேண்டும் என்பார் உளர். ஹாரிசன் வரவு குழுவை உயர்த்தியது உண்மையே. ஆனால் நண்பனிடம் நேரில் கூறாது விட்டமைக்குக் கலையின் தேவையைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. வரலாறு எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கோழைமைக்கும் கலைப்பற்று என்று பெயர் சூட்டிவிடுகின்றனர்.

அதே 1958இல், லிவர்ப்பூலில் ஒரு வீட்டில் அமைந்த சிறு ஒலிப்பதிவு நிலையத்தில் இக்குழு ஒரே ஓர் இசைத்தட்டைப் பதித்தது. லென்னன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ஹாண்டன் ஆகியோருடன் பியானோ வாசித்த ஜான் டப் லோவும் அதில் இருந்தார். ஒரு பக்கம் பிறர் பாடல். மறுபக்கம் மெக்கார்ட்னி, ஹாரிசன் பெயரில் அமைந்த சொந்தப் பாடல். எல்விஸ் பிரெஸ்லியின் சாயல் அதில் வெளிப்படை. சொற்களிலும் புதுமை மிகுதியில்லை. ஆயினும் தேயிலைப் பெட்டியும் நெளிப்பலகையும் அத்தட்டில் ஒலிக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. கருவியை வீட்டில் செய்துகொண்ட காலம் முடிந்து, பாட்டை வீட்டில் செய்துகொள்ளும் காலம் தொடங்கியிருந்தது.

அத்தட்டு ஐவரிடமும் முறைவைத்து மாறிவர வேண்டும் என்பது ஏற்பாடு. லோவிடம் வந்தது அங்கேயே தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதனை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். 1995இல் உலகம் அதனைக் கேட்டது. திருவிழா நாளன்று மாலை ஒருவர் ஒலிநாடாவில் பதிந்து வைத்த இரு பாடல்களோ 1994இல் ஏலத்தில் 78,500 பவுனுக்கு விற்கப்பட்டன.

1997இல், ஊல்ட்டன் திருவிழாவின் நாற்பதாம் ஆண்டையொட்டி, ஷாட்டன், டேவிஸ், காரி, ஹாண்டன், கிரிபித்ஸ் ஆகிய ஐவரும் மீண்டும் கூடிப் பாடினர். ஒத்திகைக்கு அழைக்கப்படாத கிரிபித்ஸ் அக்குழுவில் மறுபடியும் கித்தார் வாசித்தார்.