மறைக்கும் சொற்கள்

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1986ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் அவர்தம் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பெற்று, சிலவற்றில் கிருமி உறுதியாயிற்று. அன்று தொட்டு அந்நோய் குறித்துத் தமிழில் வந்த சுவரொட்டிகளும் துண்டு வெளியீடுகளும் பல. அவற்றின் நல்நோக்கத்தை நாம் குறை கூறோம். அவற்றின் மொழியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2003 வாக்கில் புள்ளிராஜா என்னும் கற்பனை மனிதருக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரெங்கும் கேட்ட விளம்பரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேள்வி பரவிய வேகத்தில் விடை பரவவில்லை. 'புள்ளிராஜா' என்பது தெருவில் ஒருவரையொருவர் கேலி பேசும் பட்டப்பெயராயிற்று. நோய் எவ்வாறு தொற்றும், எவ்வாறு தொற்றாது என்பது மட்டும் பலர் மனத்தில் பதியாமலே போயிற்று.

அதனினும் கேடு விளைத்த சொல் 'தகாத உறவு'. 'தகாத உறவால் வரும் உயிர்க்கொல்லி நோய்' என்ற வாய்பாட்டைக் கேளாத மாணவர் இலர். ஆழ்வார்குறிச்சியில் நம்மிடம் பயிலும் 13 வயதுச் சிறுவன் ஒருவன், "தகாத உறவென்றால் சாதி விட்டுச் சாதி கட்டுவதா, உஸ்தாத்?" என்று கேட்டான். அவன்மேல் பிழையில்லை. அச்சொல் தீர்ப்புக் கூறுகிறதேயன்றிச் செய்தி எதுவும் கூறவில்லை. மேலும், அத்தீர்ப்பும் தவறான இடத்தில் விழுகின்றது. நம் கடனாநதிக் கரையிலிருந்தும், அண்மையிலுள்ள பொட்டல்புதூர், கடையம் பகுதிகளிலிருந்தும் பிழைப்புக்காக மும்பைக்கும் வளைகுடாவுக்கும் செல்வோர் பலர். கணவன் வழியாகவே கிருமி வந்தடைந்த மனைவியர் நம் நாட்டில் ஏராளம். நிக்காஹ் செய்த கணவனுடன் வாழ்ந்த அப்பெண்ணின் உறவில் தகாதது எது? அவள் வயிற்றில் பிறந்த குழந்தை செய்ததுதான் என்ன?

நோயைப் பிறர் தலையில் ஏற்றும் வழக்கம் பழையது. மேகப்புண்ணுக்குப் 'பறங்கிப்புண்' என்று பெயரிட்டு ஐரோப்பியர்மேல் பழி போட்டனர் முன்னோர். அதற்கு மருந்தான பறங்கிப்பட்டை இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

'உயிர்க்கொல்லி' என்ற அடைமொழியும் காலாவதியானது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. அதனை இடைவிடாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்கே புலப்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்கு அது தொற்றுவதில்லை. தாய்க்கு உரிய காலத்தில் மருந்தளித்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 5 சதவீதத்திற்கும் கீழே இறங்குகிறது. இவற்றை அறியாத பிள்ளை, கொல்லும் என்ற சொல்லை மட்டும் கேட்டு, நோயுற்றவர் வீட்டுப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் அமர மறுக்கிறான். அவ்வாறு ஒதுக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது.

"இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் எங்ஙனம் பேசுவது? வெட்கம் ஈமானின் பகுதியல்லவா?" என்பர் நம் பெற்றோர். நாம் அவர்களைக் கேட்கிறோம்: மதரஸாவில் பருவமெய்திய மாணவருக்குக் குளிப்பு எப்போது கடமையாகும் என்பதை எந்த மூடுசொல்லால் கற்பிக்கிறோம்? ஃபிக்ஹு நூல்கள் ஹைளையும், நிஃபாஸையும், ஸ்கலிதத்தையும் பெயர் சொல்லியே விளக்குகின்றன; நாமும் அவ்வாறே ஓதிக் கொடுக்கிறோம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் இத்தகைய ஐயத்தை நேரே கேட்டுத் தெளிந்தார்கள். மார்க்கத்தை அறிய நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். ஆக, பேசும் மரபு நம்மிடம் இருக்கிறது. நோய் என்றதும்தான் நா எழவில்லை.

நம்மவருள் சிலர் கத்னா செய்தவனுக்கு இந்நோய் அண்டாது என நம்புகின்றனர். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளைக் கொண்டு 2007இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது யாதெனில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு அதனால் ஏறத்தாழ 60 சதவீதம் குறையும் என்பதே. எஞ்சிய அபாயம் நீங்கவில்லை. கத்னா செய்த கணவனுக்குக் கிருமி இருப்பின், அது மனைவியைச் சேராமல் காக்கும் என்பதற்கும் சான்றில்லை.

ஆணுறை தொற்றைத் தடுக்கும் என்று சொல்வதைப் பாவத்திற்கு அளிக்கும் அனுமதியாகச் சிலர் கருதுகின்றனர். தம்பதியருள் ஒருவருக்குக் கிருமி இருப்பின் மற்றவரைக் காக்க அதுவும் உதவும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். விபசாரம் ஹராம் என்பதை நாம் ஓதிக் கொடுக்கத் தவறியதில்லை, இனியும் தவறோம். அதனோடு, இரத்தம், ஊசி, உடலுறவு, கர்ப்பம், தாய்ப்பால் வழியாகக் கிருமி செல்லும், கைகுலுக்குவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ செல்லாது, சந்தேகம் எழுந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இரகசியமாகச் சோதிக்கலாம் என்ற நான்கு வரிகளையும் சேர்க்க வேண்டுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாக்கள் ஹைளின் சட்டங்களை ஓதிக் கொடுக்கும் வகுப்பிலேயே இதனையும் சொல்லலாம்.