ஊசலும் பட்டமும்

ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில் 'என்ட்ரோபி' என்ற சொல்லை நான் உபயோகித்திருந்தேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நீங்க பௌதிகம் படிச்சவரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விவாதம் முடிந்துவிட்ட திருப்தியில் அவர் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முடியவில்லை.

இம்மாதிரி சந்தர்ப்பங்களில் எல்லோரும் துணைக்கு அழைப்பது ஆலன் சோக்கலை. நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியரான அவர் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை 1996-ல் 'சோஷியல் டெக்ஸ்ட்' வெளியிட்டது. உடனே அவரே அதை அம்பலப்படுத்தினார். மறு வருஷம் ழான் பிரிக்மோனோடு எழுதிய புத்தகத்தில் லக்கான், க்ரிஸ்தேவா முதலியோரின் கணிதப் பிரயோகங்களைப் பிய்த்துப் போட்டார். நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டிய அடிதான். ஆனால் இதை வைத்து 'பட்டமில்லாதவன் வாயைத் திறக்காதே' என்று சொல்கிறவர்கள் 2002-ல் நடந்ததைச் சொல்வதில்லை.

இகோர், கிரிஷ்கா போக்தனோவ் இரட்டையர். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் விஞ்ஞான நிகழ்ச்சிகள் நடத்திப் பிரபலமானவர்கள். பர்கண்டிப் பல்கலைக்கழகத்தில் கிரிஷ்கா 1999-ல் கணிதத்திலும் இகோர் 2002-ல் பௌதிகத்திலும் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். 'கிளாஸிகல் அண்ட் குவாண்டம் கிராவிடி', 'அன்னல்ஸ் ஆஃப் பிஸிக்ஸ்' ஆகியவை அவர்கள் கட்டுரைகளைப் பிரசுரித்தன. 2002 அக்டோபரில், இது சோக்கலுக்குப் பதிலடியாகச் செய்த கேலியோ என்ற வதந்தி பௌதிகவாதிகளிடையே பரவியது. கேலியல்ல, மெய்யான ஆராய்ச்சிதான் என்றார்கள் சகோதரர்கள். முதலில் சொன்ன பத்திரிகையின் ஆசிரியர் குழு, அக்கட்டுரை தங்கள் தரத்துக்கு உரியதல்ல என்று பிறகு ஒப்புக்கொண்டது. பட்டம், பிரசுரம், பரிசீலனை எல்லாம் இருந்தன. கேலியா நிஜமா என்று மட்டும் தெரியவில்லை.

அவர்கள் எழுதியவற்றில் ஃபூக்கோ ஊசல் வருகிறது. (நாம் மேற்கோள் காட்டும் ஃபூக்கோ அல்ல, லியோன் ஃபூக்கோ.) 1851-ல் பாரிஸ் பாந்தியனில் தொங்கவிட்டது. அது ஆடும் தளம் மெல்லத் திரும்புவதில் பூமி சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது. எந்தத் திசையில் ஆட்டிவிட்டாலும் அந்தத் தளம் பிரபஞ்சத்தின் ஆரம்பப் புள்ளியோடு நேர்ப்பட்டே இருக்கும் என்கிறார்கள் சகோதரர்கள். ஆரம்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் போதும். அது வானத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் இடமல்ல. நாம் நிற்கும் இடம் உட்பட எல்லா இடமும் அதிலிருந்துதான் வந்தது. எப்படி ஆட்டினாலும் சரியாகவே வரும் என்றால் அந்த வாக்கியம் ஊசலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. கட்டுரைகளின் கணிதத்தைத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அதற்கு அத்துறைக்காரர்கள்தான் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு வேண்டாம். கவிதையில் பொய்யான வரியை நாம் பிடிப்பதும் இப்படித்தான்.

கூட்டத்தில் அந்த நண்பர், "இந்த இடத்துல அந்தச் சொல் என்ன செய்யுது?" என்று கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். க்ளாஸியஸ் 1865-ல் அப்பெயரை வைத்தது வெப்பத்தையும் வெப்பநிலையையும் கொண்டு கணக்கிடக்கூடிய ஓர் அளவுக்கு. நான் பேசிய கவிதையில் ஒரு பழைய வீட்டின் சுவர் உதிர்கிறது, அவ்வளவுதான். 'உதிர்கிறது' என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கட்டுரைகளைத் தொகுத்தபோது அச்சொல்லை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்தப் பத்தியில் இரண்டு வாக்கியங்கள்தான் மிஞ்சின.