ஒலிப்பதிவும் ஒரு பாடமே: இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றும் முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்
பழைய இசைத்தட்டுகளில் உள்ள தமிழ்ப் பாடல்களைக் கணினிக்கு மாற்றுவது தொழில்நுட்ப வேலையாகவே கருதப்படுகிறது. அது ஒருவகைப் பதிப்புப் பணி என்பதையும், மாற்றுவோர் மேற்கொள்ளும் முடிவுகள் ஆவணப்படுத்தப்படாதவிடத்து ஆய்வு முடிவுகள் பிழைபட நேரும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு, சுழல்வேகம், சுருதி, இரைச்சல் நீக்கம், பதிப்பியல்

முன்னுரை
ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், தாம் கண்ட பாடவேறுபாடுகளைத் தம் பதிப்புகளில் குறித்துச் சென்றார். அதனாலேயே அவர் கொண்ட பாடத்தைப் பின்வந்தோர் மீண்டும் ஆராய முடிகிறது. அரக்குத் தட்டின் ஒலியைக் கணினிக்கு மாற்றுபவரும் இத்தகைய தேர்வுகளையே செய்கிறார். ஆயினும், இன்று இணையவழிக் கிடைக்கும் ஒலிக்கோப்புகள் பலவற்றில் அத்தேர்வுகள் குறித்து ஒரு வரியும் காணப்படுவதில்லை.

சுழல்வேகமும் சுருதியும்
நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவு 1920களின் நடுப்பகுதியை ஒட்டியே நிலைபெற்றது. அதற்கு முற்பட்ட தட்டுகளின் வேகம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டது. 74 சுற்றில் பதிவான தட்டினை 78 சுற்றில் இயக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ 5.4 விழுக்காடு உயரும். இது ஏறக்குறைய அரைக்கட்டை. ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியவராகத் தோன்றுவார். காலப்பிரமாணமும் உடன் விரையும். எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) போன்ற உச்சக்குரல் பாடகர்களின் சாரீரத்தைப் பதிவுகளைக் கொண்டு அளக்க முற்படுவோர்க்கு இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடு அன்று. நாடகப் பாடல்களில் ஒலிக்கும் ஆர்மோனியம் நிலையான சுருதியுடையது. ஆதலின் வேகத்தை உய்த்துணர அது துணைசெய்யும். எனினும், அக்காலக் கருவிகளின் அடிப்படைச் சுருதி ஒருபடித்தானதன்று என்பதால், அது துணைச்சான்றாகுமேயன்றி முடிந்த சான்றாகாது.

இரைச்சலும் இழப்பும்
78 சுற்றுத் தட்டின் வரிப்பள்ளத்திற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசிமுனை பொருந்தும். நெடுநேரத் தட்டிற்குரிய 25 மைக்ரான் முனையைப் பயன்படுத்தினால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைப் பெருக்கும். ஊசித் தேர்வில் நேரும் இக்குறையைப் பின்னர் மென்பொருளால் சரிசெய்ய முனைவதே வழக்கமாகியுள்ளது. இங்குதான் பேரிழப்பு நேர்கிறது. தட்டின் கீறல் எழுப்பும் ஒலி மிகக் குறுகியது, திடீரென எழுவது. க, ட, ப ஆகிய வல்லெழுத்துகளின் வெடிப்பும் மிருதங்கத்தின் வல்லோசையும் அத்தன்மையனவே. தொடர் இரைச்சலோ சகர, ஸகர உரசொலிகள் அமையும் அதிர்வெண் பரப்பிலேயே பெரிதும் பரவியுள்ளது. ஆகவே, மிகையாகத் தூய்மை செய்த கோப்பினைக் கொண்டு ஒரு பாடகரின் உச்சரிப்பினை ஆராய்வோர், பாடகரின் இயல்பையும் மென்பொருளின் விளைவையும் பிரித்தறிய இயலாது.

கேட்போர்க்குத் தூய ஒலி வேண்டும் என்னும் வாதம் நியாயமானதே. ஆனால் அதற்கெனத் தனிப்படி ஒன்று போதும். மூலப்படியைத் திருத்தத் தேவையில்லை. பன்னாட்டு ஒலி, ஒளிக்காட்சி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டி, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், திருத்தமின்றி மாற்றப்பட்ட மூலப்படியை வலியுறுத்துகிறது. சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பினை மட்டும் வைத்துக்கொண்டு தட்டினைக் கைவிடுவது, படியெடுத்தபின் சுவடியை ஆற்றில் விடுவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை
ஒவ்வொரு கோப்புடனும் தட்டின் எண், பதிவு அச்செண், இயக்கிய வேகம், அதனைத் தேர்ந்த காரணம், ஊசியின் அளவு, பின்னர்ச் செய்த திருத்தங்கள் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். தட்டின் முகப்புச் சீட்டும் படமாகச் சேர்க்கப்படல் வேண்டும். இக்குறிப்புகள் இல்லாத கோப்பினை இன்ன பாடல் இருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்; இன்ன சுருதியில், இன்ன விரைவில் பாடப்பட்டது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆய்வேடுகளில் ஒலிக்கோப்புகளை மேற்கோளாக ஆளும்போதும் இவ்வேறுபாட்டினை நெறியாளர்கள் வலியுறுத்துதல் நலம்.